கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு கூடார முகாம்: அந்த மணல் எத்தனை பேரைத் தாங்கும்?

பழவேற்காட்டுக்குத் தெற்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் ஏரியும் நெருக்கும் மணல் திட்டில், குடும்பத்துக்குச் சொந்தமான இரண்டு ஏக்கர் பனந்தோப்பில் விடுமுறைக் கூடார முகாம் அமைக்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். இருபது கூடாரங்கள், சூரிய மின்சாரம், மூங்கில் சமையற்கூடம் என்று திட்டமும் வைத்திருக்கிறீர்கள். இயற்கைக்குக் கேடு வராமல் நடத்துவதற்கு எதில் முதலில் பணம் போட வேண்டும் என்பது உங்கள் கேள்வி. பணத்தை எடுக்கும் முன் அந்த இருபது என்ற எண்ணை ஒதுக்கி வையுங்கள் என்பதே என் பதிலின் தொடக்கம். மூங்கிலும் சூரியத் தகடும் முகாமின் தோற்றத்தை மாற்றும். ஆனால் அந்த நிலம் கெடுமா, நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது மணலுக்கடியில் இருக்கும் நன்னீரும், அதே மணலுக்குள் நீங்கள் இறக்கப்போகும் கழிவுநீரும்தான். எத்தனை கூடாரம் என்பதை அந்த இரண்டையும் அளந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கடலோர மணலில் நான்கைந்து அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறுவதைப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குக் குறைவில்லை என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அந்த நீர் முழுவதும் மழை தந்தது. மணலில் இறங்கிய மழைநீர், தன்னைவிட அடர்த்தி கூடிய உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து கொண்டிருக்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் கணக்கின்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கக்கூடும். இதையே திருப்பிப் படித்தால்தான் ஆபத்து விளங்கும். நீங்கள் மோட்டார் வைத்து நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கிவிட்டால், உப்புநீர் அடியிலிருந்து இருபது மீட்டர் மேலேறி வர இடம் கொடுத்துவிடுகிறீர்கள். இருபுறமும் உப்புநீர் சூழ்ந்த ஒடுங்கிய திட்டில் இந்தப் படலம் தொடக்கத்திலேயே மெல்லியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒருமுறை உவர்த்த கிணறு மீண்டும் இனிக்கப் பல மழைக்காலங்கள் தேவைப்படலாம். பக்கத்துக் குப்பத்துக் கிணறும் அதே படலத்திலிருந்துதான் இறைக்கிறது.

சான்றுக்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. உங்கள் நிலத்திலிருந்து பொன்னேரிக்குப் போகும் வழியில் கேட்டாலே மீஞ்சூர் வட்டாரத்தின் கதையைச் சொல்வார்கள். சென்னைக் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாசனத்துக்கும் பல பத்தாண்டுகள் அளவின்றி இறைத்ததால், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. நீர்வளத் துறையில் இருப்பவர்கள் கடல்நீர் ஊடுருவலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் இடங்களுள் மீஞ்சூர் ஒன்று.

ஆகையால் முதல் வேலையாக, நிலத்தில் இருக்கும் உறைக்கிணற்று நீரின் உப்பளவை ஓராண்டு முழுவதும் மாதம் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். கையடக்கமான டிடிஎஸ் மீட்டர் போதும். அதற்குப் பெரிய செலவில்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது. ஜனவரியில் வரும் அளவைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். மே மாதக் கடைசியில் வரும் அளவே உங்கள் நிலத்தின் உண்மையான கொள்ளளவைச் சொல்லும். ஆழ்துளைக் கிணறு போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆழமில்லாத இரண்டு மூன்று உறைக்கிணறுகளைத் தள்ளித் தள்ளி வைத்து, சிறிய மோட்டாரால் ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் மட்டும் இறைப்பதே படலத்தின் மேற்பரப்பை மட்டும் எடுக்கும் வழி. அதற்கும் சட்ட வரம்பு உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள், கடற்கரை விடுதிகளுக்கு கடல்நீர் ஏறிவந்து தொடும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரை எடுக்க இடமளிப்பதில்லை. 200 முதல் 500 மீட்டர் வரை உள்ள பகுதியில் நிலத்தடி நீர் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நகரத்து வீட்டுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசுத் திட்ட அளவு. இருபது கூடாரத்தில் நாற்பது விருந்தினர், எட்டுப் பணியாளர் என்றால் அந்த அளவில் ஏறத்தாழ 6,500 லிட்டர். ஷவரை எடுத்துவிட்டு வாளியும் குவளையும் வைத்து, தண்ணீர் ஊற்றாத கழிப்பறை அமைத்தால், ஒருவருக்கு 50 லிட்டருக்குள் வசதிக்குறைவு தெரியாமல் நடத்த முடியும். கூடாரங்களைப் பன்னிரண்டாகக் குறைத்து, பணியாளர் ஆறு பேருடன் மொத்தம் முப்பது பேர் என்று வைத்தால் 1,500 லிட்டர் ஆகிறது. முதல் திட்டத்தில் கால் பங்குக்கும் குறைவு! இதில் குடிக்கவும் சமைக்கவும் தேவையான 300 லிட்டரைக் கிணற்றிலிருந்து எடுக்கவே வேண்டாம். ஆண்டு மழையை 1,100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 சதுர மீட்டர் கூரையில் விழுவது 1,10,000 லிட்டர்; சிதறலும் முதல் மழைக் கழிவும் போக 80,000 லிட்டருக்கு மேல் சேரும். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும். ஆண்டில் நூறு நாள் முகாம் நடத்தினால் குடிநீர்த் தேவை 30,000 லிட்டர்தான். சமையற்கூடத்துக்கு மட்டும் நல்ல தகரக் கூரை போட்டு, மூடிய சிமென்ட் தொட்டி ஒன்றைத் தரைக்கு மேலே கட்டினால் குடிநீர் முடிந்தது. ஓலைக் கூரை அழகுதான், ஆனால் அதில் வடியும் நீர் பழுப்பேறிக் குடிக்க ஆகாது. இந்த ஒரு கூரையில் அழகை விட்டுக்கொடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வாங்கச் சொல்பவர்கள், அது வெளியே தள்ளும் உப்புநீரை எங்கே விடுவது என்பதைச் சொல்வதில்லை. கேன் தண்ணீர் அவசரத்துக்கு இருக்கட்டும்; அதுவும் பக்கத்து வயல்வெளிகளின் நிலத்தடி நீர்தான்.

கழிவறைதான் இத்தகைய முகாம்கள் பெரும்பாலும் தவறும் இடம். இடம் மணலாயிற்றே, தண்ணீர் உடனே இறங்கிவிடும் என்று செப்டிக் டேங்க் ஒன்றைக் கட்டி, அதன் வடிநீரை உறிஞ்சுகுழியில் விடுவார்கள். உடனே இறங்குவதுதான் சிக்கல். களிமண் கலந்த நிலத்தில் மெல்ல ஊறும்போது நடக்கும் வடிகட்டல் பருமணலில் நடப்பதில்லை. கிருமியும் நைட்ரேட்டும் நேராக நிலத்தடி நீரில் சேர்ந்து, ஒரு பகுதி கிணற்றுக்கும் ஒரு பகுதி ஏரிக்கும் போகும். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறும்போது தொட்டிக்குள்ளேயே வெளிநீர் புகுந்து எல்லாம் கலந்து விடுவதும் உண்டு. பழவேற்காடு ஏரி இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அதிலுள்ள இறாலையும் நண்டையும் மடவையையும் நம்பி இரு மாநிலக் குப்பங்களும் வாழ்கின்றன. ஆழமில்லாத நீர், முகத்துவாரம் மணல் மூடிக் குறுகும் மாதங்களில் கடலோடு நீர் மாறுவதும் குறைந்துவிடும். அத்தகைய ஏரியின் கரையில் வடிநீரை இறக்க நமக்கு உரிமையில்லை என்றே நான் கருதுகிறேன்.

நான் பரிந்துரைப்பது, தரைக்கு மேலே எழுப்பிய இரட்டை அறை உலர் கழிப்பறை. திருச்சி மாவட்டத்து முசிறியில் இத்தகைய கழிப்பறைகளைப் பொதுமக்களே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே நம் மக்கள் இதற்கு ஒத்துவர மாட்டார்கள் என்ற வாதம் எடுபடாது. மலம் ஒரு துளையில், சிறுநீர் வேறு வழியில், கால் கழுவும் நீர் மூன்றாவது வழியில் போக வேண்டும். இந்த மூன்றாவது வழியை வெளிநாட்டு வரைபடங்களில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. தண்ணீரால் கழுவும் நம் வழக்கத்துக்கு அதுதான் உயிர்நாடி. ஒவ்வொரு முறையும் ஒரு குவளை சாம்பல் தூவ வேண்டும். பொன்னேரி, செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து உமிச்சாம்பல் மூட்டையாகவே வாங்கலாம். ஓர் அறை நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும். நம் வெப்பநிலையில் ஓராண்டுக்குக் குறையாமல் மூடிக் கிடந்த பின்பே அள்ளி மரங்களுக்கு இட வேண்டும். காய்கறிப் பாத்திக்கு வேண்டாம். கழுவிய நீரையும் குளித்த நீரையும், அடியில் கெட்டியான தார்ப்பாய் விரித்து மேலே சரளையும் மண்ணும் நிரப்பிய பாத்தியில் விட்டு, வாழையும் கல்வாழையும் நடுங்கள். சமையற்கூடத்து நீர் அங்கே போகும் முன் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் சிறு தொட்டி ஒன்று குறுக்கே இருக்க வேண்டும், அதை வாரந்தோறும் அள்ள ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். வயதானவர்களுக்காக ஒன்றிரண்டு நீர்க் கழிப்பறை தேவை என்று நினைத்தால், நீர் கசியாத முழுமூடிய தொட்டி கட்டி லாரியில் அள்ளிக் கொடுங்கள். அந்த லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதை ஒருமுறையேனும் பின்னால் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

இடம் பற்றிய சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2,161க்கு மேல் உள்ள இடங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டரையும், மற்ற இடங்களில் 200 மீட்டரையும் கட்டுமானம் கூடாத பகுதியாக வகுத்திருக்கிறது. அலை ஏறி இறங்கும் ஏரிக்கரைக்கும் தனி வரம்பு உண்டு என்பதால், உங்கள் நிலம் இரண்டு பக்கத்திலிருந்தும் சுருங்கும். கூடாரம் தற்காலிகமானது, அதற்கு அனுமதி வேண்டாம் என்று சொல்பவர்களை நம்பாமல், மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுவிடம் வரைபடத்துடன் விண்ணப்பித்து எழுத்தில் பதில் பெறுங்கள். மணல்மேட்டைச் சமப்படுத்துவதும், பொதுமக்கள் கடலுக்குப் போகும் வழியை அடைப்பதும் எந்த நிலையிலும் கூடாது. ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரத்தின் தடா பக்கம் நிலம் வாங்கினால் இதெல்லாம் தளர்ந்துவிடும் என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மத்திய அரசின் அறிவிக்கை எல்லைக் கோட்டில் நிற்பதில்லை, கையெழுத்துப் போடும் அலுவலகம் மட்டுமே மாறும்.

சட்டம் 50 மீட்டர் என்றாலும் இன்னும் பின்னால் போகச் சொல்வேன். இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்களின் அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறிக்கின்றன. வடக்கே இருக்கும் கரை நிலையாக நிற்கும் என்று எண்ணிக் கட்டுவது அறிவுடைமையாகாது. கரையைப் பிடித்து வைத்திருப்பது அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். அவற்றைக் களை என்று நினைத்து வெட்டி, மணலைப் பெருக்கி வைக்கும் விடுதிகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு புயலுக்குப் பிறகு வேலிக்கம்பங்கள் அந்தரத்தில் தொங்கும். கடலுக்கு இறங்க ஒரே ஒரு பாதை வையுங்கள், அதையும் காற்றடிக்கும் திசைக்குச் சாய்வாக வளைத்து விடுங்கள். புதிதாகச் சவுக்கு நட வேண்டாம். அதன் சருகு மூடிய இடத்தில் அடும்பு படராது, ஆமையும் குழி தோண்டாது. பனையும் தாழையும் புன்னையும் பூவரசும் போதும்.

ஆமையைச் சொன்னதும் உங்கள் திட்டத்தின் மிகக் கடினமான முடிச்சுக்கு வந்துவிட்டோம். கிணற்றில் நீர் நிறைந்து, வெயில் தணிந்து, விருந்தினர் விரும்பி வரும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. பங்குனி ஆமைகள் எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் கரையேறி முட்டையிடுவதும் அதே காலம்தான். ஏரியில் பூநாரைகள் இரை தேடி நிற்பதும் அதே மாதங்கள். ஆமை ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இடும். 45 முதல் 60 நாளில் பொரிந்து வரும் குஞ்சுகள், இருட்டில் எந்தத் திசை வெளிச்சமாக இருக்கிறதோ அதுதான் கடல் என்று நம்பி நகரும். உங்கள் முகாமின் ஒரு வெள்ளை எல்.இ.டி. விளக்கு அவற்றைத் தோப்புக்குள் இழுத்து, நாய்க்கும் காக்கைக்கும் கொடுத்துவிடும். எனவே கடல் பக்கம் எந்த விளக்கும் இருக்கக் கூடாது. உள்ளே இருப்பவையும் முழங்கால் உயரத்தில், மேலே மூடி போட்டு, ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். விருந்தினர்கள் முதலில் கேட்பது கடற்கரையில் நெருப்பு மூட்டி உட்காருவதைத்தான்; அதைத் தோப்புக்குள், கடலிலிருந்து தெரியாத இடத்தில், மண் அடுப்பில் மட்டும் வையுங்கள். மணலில் நாற்காலியோ பந்தலோ இரவில் கிடக்கக் கூடாது. குழியைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். முட்டையைப் பணியாளர்களோ விருந்தினர்களோ தொடக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது.

இந்த முடிச்சை அவிழ்க்க, ஆமைக் காலத்தில் மூடிவிட்டு மே மாதக் கோடை விடுமுறையில் நடத்தலாமே என்று தோன்றும். நான் அதற்கு எதிரானவன். வெளிச்சத்தை அணைக்க முடியும்; மே மாதத்தில் இல்லாத தண்ணீரை உண்டாக்க முடியாது. லாரியில் வாங்க நேரும், அது எந்த ஊரின் கிணற்றிலிருந்தோ வரும். ஆகவே பொங்கல் விடுமுறையில் தொடங்கிப் பங்குனிக் கடைசி வரை, இருட்டை ஒரு விதியாக வைத்து நடத்துவதே சரி. வருமானத்தில் இது அடி விழும் முடிவு என்பது தெரிந்தே சொல்கிறேன்.

குப்பையைப் பற்றி நிறையப் பேசுவார்கள். எனக்கு அது எளிய பகுதியாகவே தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. வாழையிலை, எவர்சில்வர் தம்ளர், பானைத் தண்ணீர் என்று நம் வீட்டுக் கல்யாணம்போல நடத்தினால் பாதிக் குப்பை உருவாகவே உருவாகாது. விருந்தினர் கொண்டுவரும் பாட்டிலையும் பொட்டலத்தையும் அவர்களே வண்டியில் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை முன்பதிவின்போதே சொல்லி, விதிப்பலகையைத் தமிழிலும் தெலுங்கிலும் வையுங்கள். சூளூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்தும் நிறையப் பேர் வருவார்கள். பலரும் கவனிக்காத குப்பை கூடாரமேதான். பாலியெஸ்டர் துணி உப்புக் காற்றிலும் வெயிலிலும் நொறுங்கி இழை இழையாக மணலில் கலக்கும். கெட்டியான பருத்திக் கித்தான் கூடாரம் விலை கூடுதல், கனமும் கூடுதல். ஆனால் கிழிந்தால் தைக்கலாம். சூரிய மின்சாரத்துக்கு ஒன்றே சொல்வேன்: ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட் அளவில் தரும், ஏ.சி. வைக்காத முகாமுக்கு இரண்டு மூன்று கிலோவாட் தாராளம். தாங்கிகளும் திருகுகளும் உப்பில் துருப்பிடிக்காத வகையாக இருக்கட்டும்.

குப்பத்தோடு உறவு இல்லாமல் இவற்றுள் எதுவும் நடக்காது. ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதைப் பாடு முறையில் ஊரே வகுத்து வைத்திருக்கிறது. உங்கள் விருந்தினர் விளையாட்டுப் படகில் அந்த வலைக்கு மேல் போனால் அது ஒருவருடைய அன்றைய கூலி. படகுச் சவாரி என்று விளம்பரம் செய்ய வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை ஊர் மறக்கவில்லை. பூநாரைகளைப் பறக்கவிட்டுப் படமெடுக்க மோட்டார் படகில் துரத்துவதும் இங்கே நடக்கிறது. இரைதேடும் நேரத்தில் கிளப்பிவிட்டால் அவை சேர்த்த வலுவெல்லாம் அதிலேயே போய்விடும். ட்ரோனுக்கும் இடம் தராதீர்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருப்பதால் அது தனி வம்பு. மீனைக் குப்பத்துப் பெண்களிடமே, அன்றைக்குக் கிடைத்ததை வாங்குங்கள். சூரை கேட்டேன், வஞ்சிரம் கேட்டேன் என்று பட்டியல் நீட்டாமல், கிடைத்த மடவையைக் குழம்பு வைக்கத் தெரிந்த சமையற்காரரை அமர்த்துங்கள். முட்டையோடு இருக்கும் நண்டையும், விரல் நீள இறாலையும் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கணக்கை மறைக்காமல், கிணற்று உப்பளவைக் குறித்த நோட்டையும் காட்டுங்கள். அவர்கள் கிணறு கெட்டதா இல்லையா என்ற பேச்சு ஒருநாள் வந்தே தீரும், அப்போது உங்களிடம் எண்கள் இருக்க வேண்டும்.

பங்குனிக் கடைசியில் முகாம் முடிந்ததும் கூடாரங்களைக் கழற்றி, உலர்த்தி, உள்ளூரில் ஒரு கட்டடத்தில் அடுக்கிவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் கேட்டு வருபவர்களின் தொலைபேசி ஓயாது. புயல் சின்னம் உருவாகக்கூடிய வாரங்களில் மணல் திட்டில் முப்பது பேரை வைத்துக்கொண்டு, ஒற்றைச் சாலையில் இரவில் வெளியேற்றும் நிலை வரக் கூடாது. முகாம் மூடிய மாதங்களிலும் பணியாளர்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்கும்படி வாடகையை இப்போதே கணக்கிட்டுப் போடுங்கள். கூரையையும் வடிகாலையும் மழைக்கு முன் துடைத்துத் தொட்டியை நிரப்புவது, பாத்தியை மாற்றுவது, அடும்புக் கொடியை வெட்டிப் பரப்பி நடுவது ஆகியவை அந்த மாதங்களின் வேலை. பன்னிரண்டு கூடாரத்தில் முதல் இரண்டு பருவம் நடத்துங்கள். இரண்டு மே மாத உப்பளவுகளும் முகாம் தொடங்கியதற்கு முந்தைய மே மாத அளவைத் தாண்டவில்லை என்றால் பதின்மூன்றாவதைப் பற்றி மீண்டும் கேளுங்கள்.